வழியிலும் வாயிலிலும் செல்வம்: மலைபடுகடாம் குறித்த ஒரு மறுவாசிப்பு

ஆய்வுச் சுருக்கம்

பொருளைக் காட்டிலும் பண்பே மெய்யான செல்வம் என்பது சங்க இலக்கியத்தின் பொதுக்கருத்தாகப் பலகாலும் எடுத்துக்காட்டப்படுகிறது. அக்கருத்தை யார், யாரை நோக்கி, எந்த இடத்தில் நின்று கூறுகின்றனர் என்னும் வினா குறைவாகவே எழுப்பப்படுகிறது. சவ்வாது மலைச் சாரலைச் சார்ந்த மலைபடுகடாத்தில் மலைவளம் வழியில் விருந்தாகவும் நன்னனின் வாயிலில் கையுறையாகவும் இருமுறை இடம்பெறுகிறது. இவ்விரட்டைத் தோற்றத்தை ஆராயும் இக்கட்டுரை, செல்வத்தைப் பண்பால் அளக்கும் அளவுகோல் உடையோரை அளப்பதற்கே சங்கப் புலவர்களால் பயன்படுத்தப்பட்டது என்றும், இல்லாதோரின் இன்மையை மறைப்பதற்கு அது பயன்படும்போது பொருள் திரிகிறது என்றும் வாதிடுகிறது. ஒப்புநோக்காக இனுவிட் மக்களின் பண்புக் கோட்பாடும் கருதப்படுகிறது.

திறவுச் சொற்கள்: மலைபடுகடாம், ஆற்றுப்படை, செல்வம், நடுகல், சவ்வாது மலை, இனுவிட்.

முன்னுரை

வேலூரிலிருந்து போளூர் வழியாகத் திருவண்ணாமலைக்குச் செல்லும் சாலையில், சவ்வாது மலைத்தொடரின் வடகிழக்கு அடிவாரத்தில் கண்ணமங்கலம் அமைந்துள்ளது. மலையிலிருந்து இறங்கும் நாகநதி இவ்வூர்ப் பகுதியைக் கடந்து, கமண்டல நதியோடு கூடிக் கமண்டலநாகநதியாகிச் செய்யாற்றில் கலக்கிறது. அதே தொடரின் தென்பால் அடிவாரத்தில் செங்கம் உள்ளது. செங்கண்மா என்னும் பழம்பெயரால் அவ்வூரை நன்னன் சேய் நன்னனின் தலைநகராக மலைபடுகடாம் குறிக்கிறது. நன்னனுக்குரிய நவிர மலையைச் சவ்வாது மலையை அடுத்து நிற்கும் பருவதமலையாகக் கொள்வது ஆய்வாளரிடையே பெருவழக்கு. நூல் கூறும் சேயாறு இன்றைய செய்யாறு. ஆகவே கண்ணமங்கலத்தில் ஓடும் நீரும் மலைபடுகடாத்துப் புலவர் கண்ட ஆற்றுக்கே சென்று சேர்வதாகும்.

இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடிய இந்நூல் 583 அடிகளை உடையது. பத்துப்பாட்டில் மதுரைக்காஞ்சிக்கு அடுத்து நீண்டது. ஆற்றுப்படைகள் ஐந்தனுள் எல்லாவற்றினும் பெரியது. உ. வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்த காலந்தொட்டு இந்நூல் கூத்தரின் இசைக்கருவிகளுக்காகவும் மலையின் ஓசைகளை யானையின் மதத்தோடு இணைத்த பெயர்க்காரணத்திற்காகவும் மிகுதியாகப் பேசப்பட்டு வந்துள்ளது. அண்மைக்காலத்தில் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் விருந்தோம்பல் பொருண்மையின்கீழ் இதன் ஒரு பகுதி இடம்பெற்றது. அதனால் மலைவாழ் மக்களின் ஈர உள்ளம் என்னும் கோணம் பலரையும் சென்றடைந்தது. வரவேற்கத்தக்க மாற்றமே இது. எனினும், பொருளற்ற மலைமக்கள் பண்பால் செல்வர் என்னும் பாராட்டோடு வாசிப்பு நின்றுவிடுகிறது. நூல் அதனினும் கடுமையான ஒன்றைக் கூறுகிறது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

செல்வம் என்னும் சொல்லின் மீது நிகழ்ந்த வழக்கு

செல்வம் எது என்பதைச் சங்கப் புலவர்கள் ஐயமறத் தெரிந்த ஒன்றாகக் கருதவில்லை. அச்சொல்லின் பொருளை அவர்கள் வழக்காடித் தீர்க்க முயன்றனர். நற்றிணை 210ஆம் பாடலில் மிளைகிழான் நல்வேட்டனார் இவ்வழக்கை நேரடியாக எடுத்துரைக்கிறார். அரசரால் பாராட்டிப் பேசப்படுவதும், விரைந்து செல்லும் ஊர்திகளில் ஏறிச் செல்வதும் செல்வம் ஆகா. அவை முன்செய்த வினையின் பயன் மட்டுமே. தம்மைச் சேர்ந்தோர் படும் துன்பத்தைக் கண்டு அஞ்சும் மென்மையையே சான்றோர் செல்வம் என்பர். இது பொதுவான அறவுரையாகக் கூறப்படவில்லை. பரத்தையிற் பிரிந்து மீண்டுவந்த மருதநிலத் தலைவனை நோக்கித் தோழி கூறும் கூற்று அது. தேரும் வயலும் அரசவை மதிப்பும் உடைய ஒருவனிடம், அவனைச் சார்ந்து வாழும் ஒருத்தியின் துயரைச் சுட்டி, உன் செல்வம் இன்னும் செல்வமாகவில்லை என்று அவள் இடித்துரைக்கிறாள். கருத்தை மட்டும் பிரித்தெடுத்துப் பொன்மொழியாக்கும்போது இந்த இடித்துரை மறைந்துபோகிறது.

இவ்விடத்தில் அஞ்சுதல் என்னும் வினை கூர்ந்து நோக்கத்தக்கது. இரங்குதல், கொடுத்தல், உதவுதல் முதலிய சொற்களைப் புலவர் தேர்ந்தெடுக்கவில்லை. பிறர் துயர் தன்னை அச்சுறுத்த வேண்டும் என்கிறார். மேலிருந்து கீழ்நோக்கி வரும் இரக்கத்தில் கொடுப்பவனுக்கு ஆபத்தில்லை; அச்சத்தில் அவனும் நிலைகுலைகிறான். செல்வனின் பாதுகாப்புணர்வு அசைந்த பின்னரே அவன் செல்வனாகிறான் என்பது அப்பாடலின் உட்கிடை.

புறநானூறு 189இல் மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் மற்றொரு வழியில் இதே முடிவுக்கு வருகிறார். உலகை ஒரு குடைக்கீழ் ஆள்பவனுக்கும் இரவும் பகலும் உறங்காது விலங்குகளை வேட்டையாடும் கல்லாதவனுக்கும் உணவு ஒரு நாழி, உடை இரண்டு. எஞ்சியதன் பயன் ஈதலே. இங்கும் அளக்கப்படுபவன் ஆள்பவன். வேட்டுவன் அளவுகோலாக நிற்கிறான். அவ்வேட்டுவனிடம், உனக்குப் பொருள் வேண்டாம், பண்பு போதும் என்று பாடல் கூறவில்லை. திருக்குறளில் அருளுடைமை அதிகாரம் பொருட்செல்வம் இழிந்தோரிடமும் உண்டு என்று தொடங்குகிறது. ஆயினும் அதே அதிகாரத்தின் ஏழாம் குறள் பொருளில்லாதவர்க்கு இவ்வுலக வாழ்வு இல்லை என்பதை உவமையாகக் கையாள்கிறது. பொருளின்மையின் கொடுமையை மறைத்துவிட்டு அருளின் உயர்வைக் காட்ட வள்ளுவர் முயலவில்லை. நல்குரவுக்கு அவர் தனி அதிகாரமே வகுத்தார்.

வழி: கேளாமல் புகும் வீடு

தாம் பெற்ற பெருவளத்தைப் பெறாதவர்க்கு அறிவித்து, அவர்களும் சென்று பெறுமாறு வழிகூறுவதைத் தொல்காப்பியப் புறத்திணையியல் ஆற்றுப்படையின் இலக்கணமாகக் கூறுகிறது. புரவலனின் கொடைக்கு முன்பே ஒரு கொடை நிகழ்ந்துவிடுகிறது என்பது இவ்விலக்கணத்தில் அடங்கியுள்ளது. பரிசில் பெற்றவன், பரிசில் கிடைக்கும் இடத்தை மறைத்து வைக்காமல் எதிர்ப்பட்டவனுக்குச் சொல்லிவிடுகிறான். க. கைலாசபதி 1968இல் வெளியிட்ட தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய ஆங்கில ஆய்வு, பாணர்க்கும் புரவலர்க்கும் இடையிலான உறவை இப்பாடல்களின் அச்சாக நிறுவியது. அந்த அச்சை மறுக்க வேண்டியதில்லை. மலைபடுகடாத்தின் பெரும்பகுதி நன்னனின் அவையில் நிகழவில்லை என்பதை மட்டும் அதனோடு சேர்த்து நினைக்க வேண்டும். நூலின் இறுதிப் பகுதியில்தான் கூத்தர் நன்னனைக் காண்கின்றனர். அதுவரை அவர்களைக் காப்பவர் வேறு மனிதர்.

அம்மனிதரின் ஊர்களில் எவ்வாறு நுழைய வேண்டும் என்று வழிகூறுபவன் அறிவுறுத்தும் பகுதி புகழ்பெற்றது. தயங்கி நிற்காமல், சொந்த வீட்டில் நுழைவதுபோல, அவ்வீட்டுக்கு உரியவர்போல, யாரையும் கேளாமல் உட்புகுமாறு அவன் கூறுகிறான். உறவினர்போல் இன்சொல் கூறி வழிநடைத் துயரை அவர்கள் போக்குவர். நெய்யில் வெந்த பருத்த தசையும் தினைச்சோறும் தருவர். மேலும் செல்லச் செல்ல உணவும் மாறுகிறது. மூங்கில் குழாயில் முதிர்ந்த தேன்கள்ளும் பன்றித் தசையும், மூங்கிலரிசிச் சோறும் புளிக்கரைசலில் அட்ட அவரை விதையும் எதிர்ப்படுகின்றன. காட்டைக் கடந்து முல்லை நிலத்தை அடைந்ததும் கோவலர் பால் தருகின்றனர். இரவில் தோற்படுக்கையும் காவல் தீயும் கிடைக்கின்றன. இவை அனைத்தும் அந்தந்த வீட்டில் அன்று இருந்தவை. விருந்தினர்க்கெனத் தனியே சேமித்து வைத்தவற்றைப் புலவர் காட்டவில்லை.

இந்த விருந்தோம்பலை இனிய ஓவியமாக மட்டும் வாசிப்பதற்கு நூலே தடையாக நிற்கிறது. அதே மலையில் பன்றிகளைப் பிடிக்க அமைத்த பொறிகள் உண்டு. தினைப்புனம் காப்போர் யானைகளை நோக்கிக் கவணால் எறியும் கற்கள் வழிச்செல்வோர் மீது விழக்கூடும். வழுக்கும் பாறைகளும் பாம்பு உறையும் குழிகளும் உண்டு. ஒவ்வொன்றையும் பெயர்சொல்லி எச்சரிக்கிறான் வழிகூறுபவன். உணவு தருபவரும் கவண் எறிபவரும் அம்மலை மக்களே. வழிதவறிக் கூத்தர் கலங்கும்போது கானவர் வருவர். உண்பதற்கு இனிய பழங்களையும் சூடுவதற்கு இனிய பூக்களையும் காட்டி, இடையூறு மிக்க பாதையில் தாம் முன்னே நடப்பர். இந்த முன்னே நடத்தல் என்னும் செயல் நற்றிணைப் பாடலின் அச்சத்தோடு இயைவது. சேர்ந்தோர்க்கு வரக்கூடிய ஊறு முதலில் தன்மேல் படட்டும் என்னும் நிலை அது. பொருள் எதுவும் கைமாறாத இச்செயல், நன்னன் தரும் பொற்றாமரைக்கு இணையாக நூலில் வைக்கப்பட்டுள்ளது என்று கூறுவது மிகையாகாது.

சிறுபாணாற்றுப்படையிலும் பெரும்பாணாற்றுப்படையிலும் வழியிடை மக்கள் விருந்தளிக்கின்றனர் என்பது உண்மையே. நெய்தல் முதலிய நிலத்து மக்களின் உணவுகள் அங்கும் விரிவாக வருகின்றன. மலைபடுகடாத்தை அவற்றினின்று பிரிப்பது, பின்வரும் கடமையை வந்தவர்க்கும் அது வகுத்துத் தருவதாகும். கவர்த்த வழிகளில் செல்லும் புதியோர், தாம் சென்ற வழியைப் பின்வருவோர் அறியுமாறு புல்லை முடிந்து அடையாளமிட்டுச் செல்ல வேண்டும் என்று வழிகூறுபவன் கேட்டுக்கொள்கிறான். பெற்றவன் பெறாதவனுக்குச் சொல்லும் வாய்மொழி, இங்குப் புல்முடிச்சாகத் தரையில் எழுதப்படுகிறது. பெறப்போகிறவனே பெறுவதற்கு முன் கொடுத்துவிட்டுச் செல்கிறான்.

வாயில்: அதே பொருள்கள், மற்றொரு பெயர்

நன்னனின் வாயிலை அடையும் கூத்தர் காணும் காட்சி தனித்த ஆய்வுக்குரியது. காட்டுப்பசுவின் கன்று, கரடிக்குட்டி, வரையாட்டுக் கடா, பாம்போடு போரிடும் கீரி, பறவைகள், கனிகள், கிழங்குகள் என மலைநாட்டு வளம் அனைத்தும் அங்குக் குவிந்து கிடக்கிறது. இவற்றை மன்னனின் வளப்பெருமையாக உரை மரபு வாசித்துள்ளது. அவ்வாறு வாசிப்பதில் பிழையில்லை. எனினும் நூலின் போக்கில் இப்பொருள்களில் பலவற்றின் பிறப்பிடம் வாசகர்க்கு முன்பே தெரியும். மலையின் கனியும் கிழங்கும் சில நாட்களுக்கு முன் கூத்தரின் கைகளில் விருந்தாக வைக்கப்பட்டவை. வழியில் அவற்றுக்குப் பெயர் உணவு. வாயிலில் அவை கையுறை. கொண்டுவந்தவர் விரும்பியே கொண்டுவந்தனர் என்று கொள்வதற்கு இடமுண்டு. ஆனால் அவ்வாயிலில் அவர்களின் முகங்கள் இல்லை. பொருள்கள் மட்டுமே உள்ளன. சிறுகுடியில் கரடிக்குட்டி யாரிடமும் காட்சிப்பொருளாக இருந்ததில்லை.

இந்த இரட்டைத் தோற்றத்தால் நன்னனின் கொடை குறைந்துவிடுகிறது என்று வாதிட வேண்டியதில்லை. கூத்தர் தலைவனுக்குப் பொற்றாமரையும் விறலியர்க்கு இழைகளும், உடன் களிறும் தேரும் ஆநிரையும் அவன் வழங்குகிறான். கேட்கத்தக்க வினா ஒன்றே: அவன் கொடுப்பதும் அவனுக்கு வந்ததும் எங்கிருந்து புறப்பட்டன? புலவர் இதை வினாவாக எழுப்பவில்லை. வழியை நீளமாகவும் வாயிலைச் சுருக்கமாகவும் பாடியதன் மூலம் விடையை வைத்துச் செல்கிறார். நன்னன் வழங்கும் வளத்தைவிட, அவன் மலையில் அயலான் கேளாமலே உள்ளே புகலாம் என்னும் செய்தியே அவனுடைய ஆட்சிக்குப் பெருஞ்சான்றாக அமைகிறது. அச்சான்றைத் தருபவர் குறவரும் கானவரும் கோவலரும்.

கல்லில் நின்ற பெயரும் மணலில் மறைந்த பெயரும்

நூலின் இறுதியில் ஒரு கடுமையான ஒப்பீடு உள்ளது. உயர்ந்த கட்டிலில் அமர்ந்து, அகன்ற உரிமைநிலம் உடையோராய் இருந்தும், நுண்ணறிவு குறைந்து, நாடி வந்தவரிடம் ஒன்றும் இல்லை என்று கையை விரித்து, தம் பெயரைத் தம்மோடு கொண்டு மாய்ந்தவர்கள், சேயாற்றின் எக்கர் மணலினும் பலர் என்கிறார் புலவர். நன்னனை அவர்களினின்று வேறுபடுத்துவதே அவ்விடத்தில் நோக்கம். இன்மையைக் கூறும் இலம் என்னும் சொல் உடையவரின் வாயில் வைக்கப்பட்டிருப்பது குறிப்பிடத்தக்கது. வறியவன் அச்சொல்லைக் கூறினால் அது உண்மை. பரந்த நிலத்தின் மேல் அமர்ந்தவன் கூறினால் அது பண்பின்மையின் ஒப்புதல் வாக்குமூலம்.

இவ்வொப்பீட்டை நூலின் நடுப்பகுதியில் வரும் நடுகற்களோடு இணைத்து வாசிக்கும்போது பொருள் மேலும் தெளிவாகிறது. பகைவர் ஆரவாரித்த இடத்தில் நாணம் உடையோராய் உயிர்விட்ட மறவர்களின் அழியாப் புகழ்ப்பெயரோடு நட்ட கற்கள் கவர்த்த வழிகளில் பலவாக நிற்பதைக் கூத்தர் காண்பர் என்று அப்பகுதி கூறுகிறது. பெயரோடு மாய்ந்த செல்வர் மணலாகின்றனர்; நாணோடு மாய்ந்த மறவர் கல்லாகின்றனர். இரண்டு உவமப் பொருள்களும் அதே மலையிலிருந்து வந்தவை என்பதையும் கருதலாம். மணல் என்பது மலைக்கல் ஆற்றில் உருண்டு தேய்ந்த நிலை. புலவர் இதைக் கருதினாரா என்பதை உறுதியாகக் கூறுதல் அரிது. வாசிப்புக்கு நூல் இடந்தருகிறது.

செங்கம் வட்டாரத்து நடுகற்கள் இக்குறிப்புக்குப் பிற்காலச் சான்றாக விளங்குகின்றன. தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972இல் இரா. நாகசாமியின் பதிப்பாக வெளியிட்ட செங்கம் நடுகற்கள் என்னும் தொகுதி அவற்றைத் தமிழுலகிற்கு அறிமுகப்படுத்தியது. பல்லவர் ஆட்சியாண்டு குறித்த இக்கல்வெட்டுகளின் அமைப்பு எளியது: எந்த மன்னனின் எத்தனையாவது ஆண்டு, யாருடைய சேவகன், எந்தப் பூசலில் பட்டான். இறந்தவன் எத்தனை ஆநிரை உடையவன், எவ்வளவு நிலம் உடையவன் என்று அவை கூறுவதில்லை. எடுத்தனூரில் கிடைத்த கல் இவற்றுள் மிகவும் நெகிழ்ச்சியூட்டுவது. மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அக்கல்லில் வீரனோடு அவனுடைய நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற அந்நாயின் பெயர் கோவிவன் என்றும் எழுதப்பட்டுள்ளது. உடைமை எதுவும் இருக்க இயலாத ஓர் உயிருக்கு, காத்து நின்றது என்னும் ஒரு செயலுக்காக, பெயர் கல்லில் நின்றுவிட்டது. நடுகற்கள் ஆநிரைப் பூசலிலிருந்து, அதாவது பொருளுக்கான போரிலிருந்து எழுந்தவை என்பதை இங்கு மறக்கலாகாது. பொருள் வேண்டாதோரின் நினைவுச்சின்னங்கள் அல்ல அவை. ஊரின் மாடுகள் ஊருக்கு வேண்டும் என்பதற்காகவே அவர்கள் இறந்தனர்.

பனிநிலத்திலிருந்து ஓர் ஒப்புமை

பண்பைச் செல்வமாகக் கொள்ளும் மரபு தமிழுக்கு மட்டும் உரியதன்று. கனடாவின் வடபகுதியில் பேக் ஆற்றின் முகத்துவாரப் பகுதியில் வாழ்ந்த இனுவிட் குழுவினரிடையே 1963 முதல் 1965 வரை தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் ஜீன் பிரிக்ஸ், 1970இல் நெவர் இன் ஆங்கர் என்னும் நூலை வெளியிட்டார். ஒரு குடும்பத்தின் வளர்ப்பு மகளாக அவர் ஏற்றுக்கொள்ளப்பட்டிருந்தார். மனிதரை மதிப்பிட அம்மக்கள் பயன்படுத்திய சொற்களுள் இரண்டு அவர் நூலின் மையமாக அமைகின்றன. இகுமா என்பது வயதோடு வளரும் அறிவும் தன்னடக்கமும்; நக்லிக் என்பது ஆதரவு தேவைப்படும் ஒருவர் மீது எழும், காக்க விழையும் அன்பு. குளிரிலும் பசியிலும் இருப்பவரைக் கண்டதும் எழும் நக்லிக்கும், சேர்ந்தோர் துயரைக் கண்டு எழும் அச்சமும் ஏறத்தாழ ஒரே உணர்வு என்று கருதலாம். பனிவெளியில் வேட்டை ஒருநாள் வாய்க்கும், ஒருநாள் வாய்க்காது. ஆகவே வேட்டையாடியதைப் பகிர்பவனின் இயல்பே அனைவருக்கும் சேமிப்பாகிறது. தினையும் தேனும் பருவத்தோடு வந்துபோகும் மலைச் சிறுகுடியின் நிலையும் இதற்கு வெகுதொலைவில் இல்லை.

அந்நூலில் வரும் ஒரு நிகழ்ச்சி இக்கட்டுரையின் வாதத்திற்கு நேரடியாகத் தொடர்புடையது. மீன்பிடிப்பைப் பொழுதுபோக்காகக் கொண்டு வந்த வெள்ளையர் சிலர், அக்குழுவினரிடம் பயன்பாட்டில் இருந்த இரண்டு படகுகளுள் ஒன்றை இரவல் பெற்றுச் சேதப்படுத்திவிட்டு, மற்றதையும் கேட்டனர். அப்படகின்றி அம்மக்களின் மீன்பிடிப்பும் போக்குவரத்தும் இடர்ப்படும். பிரிக்ஸ் சினந்து மறுத்துப் பேசினார். குடும்பத் தலைவரோ கேட்டவர் விருப்பப்படி நடக்கட்டும் என்று இசைந்தார். அதன்பின் பல வாரங்கள் அக்குழுவினர் பிரிக்ஸிடமிருந்து விலகி நின்றனர். சினம் அவர்கள் பார்வையில் அறிவின் வறுமை. பண்பைக் காத்துக்கொள்ளப் படகைக் கொடுத்துவிட்டனர் என்று இதைப் பாராட்டலாம். பண்பை அறிந்துகொண்ட அயலார் படகைப் பெற்றுச் சென்றனர் என்றும் கூறலாம். இரண்டு கூற்றும் உண்மை. பாராட்டுவோர் இரண்டாவதை மறந்துவிடுவதே வழக்கம்.

கனடா அரசின் செயலில் இம்மறதி மேலும் பெரிய அளவில் வெளிப்பட்டது. வடக்குக் கியூபெக்கின் இனுக்ஜுவாக்கிலிருந்து 1953இல் இனுவிட் குடும்பங்கள், அவர்கள் அறியாத உயர் ஆர்க்டிக் பகுதிகளான ரெசொலூட்டுக்கும் கிரைஸ் ஃபியோர்டுக்கும் இடம்பெயர்க்கப்பட்டன. பழைய வேட்டை வாழ்வுக்குத் திரும்பித் தம்மைத் தாமே காத்துக்கொள்ளும் இயல்பு அவர்களுக்கு உண்டு என்பது அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. போதிய உறைவிடமும் பொருள்களும் இன்றி அவர்கள் துன்புற்றனர். 2010 ஆகஸ்டில் அரசு மன்னிப்புக் கோரியது. ஒரு மக்கள் தமக்குள் ஒருவரையொருவர் அளந்துகொண்ட உயர்ந்த அளவுகோல், வெளியாரின் கைக்குச் சென்றதும் அவர்களுக்குத் தரவேண்டியதைத் தராமலிருக்க ஏற்ற காரணமாக மாறியது.

மலையும் அடிவாரமும்

இவ்வொப்புமை சவ்வாது மலை குறித்த வாசிப்புக்கும் ஓர் எச்சரிக்கையாகிறது. மலைபடுகடாத்துக் குறவரையும் இன்றைய சவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரையும் ஒன்றெனக் கொண்டு, சங்ககாலப் பண்பு இன்றும் அம்மலையில் வாழ்கிறது என்று எழுதும் போக்கு மேடைகளிலும் கட்டுரைகளிலும் உண்டு. வரலாற்று அடிப்படையில் இது பொருந்துவதன்று. தம் முன்னோர் காஞ்சிப் பகுதியிலிருந்து வந்து மலையேறியவர்கள் என்பது மலையாளிகளின் வாய்மொழி மரபு. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுதிகளிலும் அம்மரபு பதிவாகியுள்ளது. ஒரு பழம்பாடலின் உயிர்ச்சான்றாக அவர்களை ஆக்குவது, அவர்களுக்கெனத் தனி வரலாறு உண்டு என்பதை மறுப்பதாகும். சாமையும் தேனும் புளியும் கொண்டு அடிவாரத்திற்கு இறங்கும் மக்கள், சமவெளியின் பண்பாட்டுப் பெருமிதத்திற்கான கையுறையையும் சேர்த்துக் கொண்டுவர வேண்டிய கடப்பாடு உடையவர் அல்லர்.

வாழ்நிலை அடிப்படையில் இப்போக்கு மேலும் இடர்ப்பாடானது. 2015 ஏப்ரல் 7ஆம் நாள் திருப்பதியை அடுத்த சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் எனக் கூறப்பட்ட 20 பேர் ஆந்திரக் காவல்துறையின் அதிரடிப் படையினரால் சுட்டுக்கொல்லப்பட்டனர். இறந்தோருள் பலர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். சவ்வாது மலையினரும் அதன் அடிவாரத்தவரும் அவர்களுள் இருந்தனர். கூலிக்காக மாநில எல்லை கடந்து காட்டுக்குள் செல்லும் நிலையில் இருந்த மக்களைப் பண்பால் செல்வர் என்று அழைப்பது, நற்றிணைத் தோழியின் சொல்லைத் தலைகீழாக்குவதாகும். அவள் உடையவனைப் பார்த்துக் கூறியதை இவ்வழக்கு இல்லாதவனைப் பார்த்துக் கூறுகிறது.

சங்கப் புலவர்கள் இப்பிழையைச் செய்யவில்லை என்பதற்குச் சிறுபாணாற்றுப்படையின் வறுமைக் காட்சியே போதும். கிணைமகள் குப்பையில் முளைத்த வேளைக்கீரையைக் கிள்ளி, உப்பும் இன்றி வேகவைத்து, அறியாதோர் காண்பதற்கு நாணிக் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறாள். இருப்பதைச் சுற்றத்தோடு பகிர்கிறாள். ஆகவே பண்பு குறையவில்லை. ஆயினும் புலவர் அவளைச் செல்வர் எனக் கூறவில்லை. அவள் அடைத்த கதவைக் காட்டுகிறார். புறநானூறு 163இல் பெருஞ்சித்திரனார், குமணன் தந்த வளத்தை எவர்க்கும், தன்னைக் கேளாமலும், கொடுத்துவிடுமாறு தம் மனைவியிடம் கூறுவதும் இதனோடு சேர்த்துக் கருதத்தக்கது. கொடுக்கும் பண்பு அவ்வீட்டில் முன்பே இருந்தது; கொடுப்பதற்குப் பொருள் வந்த பின்னரே அது கொடையாக வெளிப்பட முடிந்தது.

மலைபடுகடாத்தில் கேளாமல் புகத் திறந்திருக்கும் சிறுகுடியும், சிறுபாணாற்றுப்படையில் நாணத்தால் அடைக்கப்பட்ட கதவும் ஒரே தொகையில், ஒரே இலக்கிய வகையில் உள்ளன. முதல் வீட்டில் தினையும் தேனும் நெய்யும் இருந்தன. அங்குள்ளோர் பொருளற்றவர் என நூல் எங்கும் கூறவில்லை. மலையின் வளம் அவர்கள் கையில் இருந்தது. அதை அவர்கள் பகிர்ந்தனர். மலைமக்களை ஏழ்மையின் இனிய உருவங்களாக்கியது பிற்கால வாசிப்பே.